கோப்பை அப்புறம், முதலில் ஒரு சீசன் கொடுங்கள்

கல்லூரி நிர்வாகங்களுக்கும், உடற்கல்வித் துறைகளுக்கும், கல்லூரிகளுக்கு இடையிலான ஆண்கள் கூடைப்பந்துப் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

பயிற்சி கொடுப்பவர்கள், விசில் ஊதுபவர்கள், ஸ்கோர் மேசையில் உட்காருபவர்கள் எனக் கல்லூரிக் கூடைப்பந்தைச் சுற்றி வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. கேட்பது ஒன்றுதான். ஆண்டுக்கு இரண்டு மூன்று நாக் அவுட் கோப்பைகளோடு ஆண்கள் அணியின் ஆட்டத்தை முடித்துவிடும் ஏற்பாட்டை விட்டுவிட்டு, வாரா வாரம் ஆட்டம் வரும் லீக் சீசனுக்கு மாறுங்கள். இதற்குப் பெரிதாகப் பணம் தேவையில்லை. நாள்காட்டியில் இடம் தேவை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 16 அணிகள் கலந்துகொள்ளும் நாக் அவுட்டில் மொத்தம் 15 ஆட்டங்கள். 8 அணிகள் முதல் ஆட்டத்தோடு மூட்டை கட்டிவிடும், அடுத்த 4 அணிகள் இரண்டாவது ஆட்டத்தோடு. சராசரி எடுத்தால் ஓர் அணிக்கு இரண்டு ஆட்டம்கூடத் தேறாது. ஆட்டம் என்பது பத்துப் பத்து நிமிடமாக நான்கு குவார்ட்டர். களத்தில் ஐந்து பேர். ஆக, ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைப்பது மொத்தம் 200 நிமிடங்கள். தோற்றால் வெளியே என்ற பயத்தில் பெரும்பாலான பயிற்சியாளர்கள் ஏழு பேரைத் தாண்டி பெஞ்சைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் ஐந்து பேர் ஜெர்சி நனையாமல் ஊர் திரும்புவார்கள். மாதக்கணக்கில் பயிற்சிக்கு வந்தவர்கள் அவர்கள். சீனியர்கள் படிப்பை முடித்துப் போனதும் அடுத்த ஆண்டு களத்தில் இறங்க வேண்டியவர்களும் அவர்களே. ‘புது டீம், இன்னும் செட் ஆகலை’ என்று ஆண்டுதோறும் கேட்கும் புலம்பலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒற்றை ஆட்டத்தை வைத்து ஓர் அணியை எடைபோட முடியாது என்பதற்கு 2018 மார்ச் மாதம் சாட்சி. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்சிஏஏ போட்டியில் வர்ஜீனியா பல்கலைக்கழகம் 31 வெற்றி, 2 தோல்வியோடு முதல் தரவரிசை அணியாக நுழைந்தது. முதல் சுற்றில் அதை எதிர்த்தது, தன் பிரிவில் கடைசியான 16ஆம் தரவரிசையில் இருந்த, மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி அணி. வர்ஜீனியா 54-74 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் 16ஆம் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியை வீழ்த்தியது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு, 2019இல், அதே வர்ஜீனியா கோப்பையை வென்றது. நாக் அவுட் அங்கேயும் இருக்கிறது, அதே கொடூரத்தோடுதான். ஆனால் அந்த ஓர் இரவுக்கு முன் அந்த அணி 33 ஆட்டங்கள் ஆடியிருந்தது. நம் அணிகளுக்கு அந்த ஓர் இரவு மட்டும்தான்.

லீக் வைப்பது பெரிய வித்தை இல்லை. 8 அணிகள் ஒருவரோடொருவர் ஒரு முறை மோதினால் 28 ஆட்டங்கள். ஓர் அணிக்கு 7. சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று என்றால் 56. ஓர் அணிக்கு 14. அணிகள் 16 இருந்தால் அருகருகே உள்ள கல்லூரிகளை எட்டு எட்டாக இரண்டு பிரிவாக்குங்கள். பிரிவுக்கு முதல் இரண்டு அணிகள் அரையிறுதிக்கு வரட்டும். கோப்பை ஆசை உள்ளவர்களுக்குக் கோப்பையும் ஆயிற்று.

அட்டவணை போடத் தெரியாமல்தான் பல இடங்களில் லீக் என்றாலே பயப்படுகிறார்கள். ஒரு தாளில் மேல் வரிசையில் 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். கீழ் வரிசையில் அவற்றுக்கு நேர் கீழே 8, 7, 6, 5. மேலும் கீழும் நேருக்கு நேர் இருப்பவை முதல் வார ஆட்டங்கள். அடுத்த வாரத்துக்கு 1ஐ மட்டும் அசைக்காமல், மற்ற ஏழு எண்களையும் கடிகாரம் சுற்றும் திசையில் ஓர் இடம் நகர்த்துங்கள். ஏழு வாரம் இப்படி நகர்த்தினால் எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை ஆடி முடித்திருப்பார்கள். அணிகள் 7 என்றால் எட்டாவது எண்ணுக்கு ‘ஓய்வு’ என்று பெயர் வைத்துவிட்டு இதையே செய்யுங்கள். அந்த எண்ணோடு சேர்பவருக்கு அந்த வாரம் ஆட்டமில்லை. இரண்டாம் சுற்றில் மைதானத்தை மட்டும் மாற்றிப் போட்டால் போதும்.

புள்ளிக்கு உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் முறையையே வைத்துக்கொள்ளலாம். வெற்றிக்கு 2, தோல்விக்கு 1, ஆட வராமல் விட்டுக்கொடுத்தால் 0. தோற்றவருக்கு எதற்கு ஒரு புள்ளி என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். கடைசி வாரங்களில் வாய்ப்பிழந்த அணி பஸ் ஏறாமல் இருந்துவிடக் கூடாது என்பதற்குத்தான். வராத அணிக்கு எதிராக 20-0 என்று எழுதப்படும். புள்ளிகள் சமமானால், சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் வெற்றி-தோல்வி முதலில், பிறகு அந்த ஆட்டங்களின் ஸ்கோர் வித்தியாசம். இதை முதல் சுற்றறிக்கையிலேயே அச்சிட்டுவிடுங்கள். சீசன் முடிந்தபின் விதி எழுத உட்கார்ந்தால் எந்த விதி எழுதினாலும் சண்டைதான்.

மூன்று நாளில் போட்டியை முடித்துவிட வேண்டும் என்று காலை ஓர் ஆட்டம், மாலை ஓர் ஆட்டம் வைக்கும் பழக்கத்தையும் இதோடு சேர்த்து விட்டுவிடுங்கள். முழு வேகத்தில் ஆடிய தசைக்குள் செலவான சர்க்கரைச் சேமிப்பு மறுபடி நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலுமே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஆறு மணி நேரத்தில் திரும்ப இறங்குகிற பையன் முதல் குவார்ட்டர் தாங்குவான். மூன்றாவதில் கால் வராது, கைதான் நீளும், ஃபவுல் ஏறும். நான்காவதில் கூடைக்கருகே ஓடிக் குதித்து லே-அப் போட்டுவிட்டு இறங்கும்போது முட்டி மடங்காமல் விறைப்பாகத் தரையில் விழும். நாங்கள் மேசையில் ஃபவுல் குறிப்பவர்கள். இரண்டாம் நாள் மாலையில் தாள் எப்படி நிரம்புகிறது என்று தெரியும். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே 48 மணி நேரம் வேண்டும். வாரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

இனி, சீசன் என்பதை எத்தனை வாரமாகப் பிரிப்பது? என்சிஏஏ விதிகள் இங்கே நல்ல அளவுகோல். அவர்களுக்கு முதல் ஆட்டத்துக்கு முந்திய 42 நாட்களில் 30 நாள் பயிற்சி அனுமதி. சீசன் நடக்கும்போது அணி வேலைக்காக மாணவனிடம் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. ஒரு நாளில் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. ஆட்ட நாள் எவ்வளவு இழுத்தாலும் கணக்கில் 3 மணி நேரம்தான். அவ்வளவு பணம் புழங்கும் இடத்திலேயே காகிதத்தில் இப்படி ஒரு வரம்பு இருக்கும்போது, காலை இரண்டரை மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் என்று ஆறு நாளும் மாணவனைப் பிழியும் பயிற்சி முகாம்களுக்கு நியாயம் சொல்ல முடியாது. எங்கள் கணக்கில் ஆறு வாரம் தயாரிப்பு, ஏழு வாரம் முதல் சுற்று, தேர்வுக்கு இரண்டு வாரம் இடைவெளி, பிறகு வாரத்துக்கு இரண்டு ஆட்டமாக நான்கு வாரத்தில் இரண்டாம் சுற்று, ஒரு வாரம் அரையிறுதி-இறுதி. மொத்தம் 20 வாரங்கள்.

தயாரிப்பின் ஆறு வாரத்தில் பெரும்பாலான அணிகள் செய்யும் தவறு ஒன்றே: முதல் நாளே பிளே, அதாவது யார் எங்கே ஓடி யாருக்குப் பாஸ் கொடுப்பது என்ற திட்டம், சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிடுவது. பலகையில் எட்டு பிளே இருக்கும். எதிரணி களம் முழுக்க நெருக்கிப் பிடிக்கும் பிரெஸ் போட்ட இரண்டாவது நிமிடத்தில் எட்டும் மறந்துபோகும். முதல் இரண்டு வாரம் பந்தைக் குறைத்து, ஓட்டம், குனிந்து பக்கவாட்டில் நகரும் டிஃபன்ஸ் நடை, இரண்டு காலிலும் ஒற்றைக் காலிலும் சத்தமில்லாமல் தரையிறங்குவது, தொடை, பின்தொடை, ஆடுதசைக்கான பலப் பயிற்சி என்று போக வேண்டும். மூன்றாவது நான்காவது வாரம் ஆளுக்கு ஆள் டிஃபன்ஸ், விழாத ஷாட் திரும்பி வரும் ரீபவுண்டுக்கு எதிராளியை முதுகால் தடுப்பது, பந்து பறிபோனதும் திரும்பி ஓடுவது. ஐந்தாவது ஆறாவது வாரம் பிரெஸ்ஸை உடைப்பது, பக்கக்கோட்டிலிருந்தும் கூடைக்குக் கீழிருந்தும் பந்தை உள்ளே போடுவது, ஒரு புள்ளி முன்னிலையில் 40 விநாடி மீதி இருந்தால் என்ன செய்வது என்பது மாதிரியான நெருக்கடிகள். பிளே என்று பார்த்தால் ஆளுக்கு ஆள் டிஃபன்ஸுக்கு எதிராக இரண்டு, ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் ஸோனுக்கு எதிராக ஒன்று, பந்து உள்ளே போட இரண்டு. கல்லூரி அணிக்கு இதுவே தாராளம். கடைசி வாரத்தில் நடுவரையும், ஷாட் எடுக்க அணிக்கு மீதியுள்ள விநாடிகளைக் காட்டும் ஷாட் கிளாக்கையும் வைத்து இரண்டு பயிற்சி ஆட்டங்கள் கட்டாயம்.

எதிரணியின் ஃபவுலுக்காக, யாரும் தடுக்காமல் நின்று போடும் ஃப்ரீ த்ரோவின் பயிற்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்தபின் ஒரே இடத்தில் நின்று ஐம்பது போடச் சொல்கிறார்கள். ஐம்பதில் நாற்பது விழும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆட்டத்தில் அப்படி நின்று யாரும் ஐம்பது போடுவதில்லை. மூச்சு வாங்க வந்து இரண்டு போடுவான், போய்விடுவான். ஆகவே பயிற்சியின் நடுவே, இரண்டு முறை முழுக்களம் ஓடவிட்டு உடனே இரண்டு. பிறகு அடுத்த டிரில். மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு. ஒரு நாளைக்கு இருபது போதும். எத்தனை விழுந்தது என்று பெயர் வாரியாக எழுதி வையுங்கள். எழுதிவைத்த எண் முன்னால் இருந்தால் கடைசி நிமிடத்தில் யார் கையில் பந்து இருக்க வேண்டும் என்ற சர்ச்சை வராது.

தேர்வு இடைவெளி முடிந்து வரும் வாரத்தில்தான் முட்டித் தசைநாண் வலி அதிகம் எட்டிப்பார்க்கும். இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்த கால், மூன்றாம் வாரம் முழு அளவு குதிப்பைக் கேட்டால் தாங்காது. திரும்பிய முதல் வாரம் குதிப்பும் ஓட்டமும் வழக்கத்தில் பாதி. அடுத்த வாரம் முக்கால். பயிற்சியாளருக்கு அவசரம் இருக்கும். அட்டவணை போடும் நீங்கள் அந்த முதல் வாரத்தில், வாரக் கடைசியில் ஒரே ஓர் ஆட்டம் மட்டும் வைத்தால் அவருக்கும் அவசரம் குறையும்.

கணுக்கால் இந்த விளையாட்டின் நிரந்தரப் பிரச்சினை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: ரீபவுண்டுக்குக் குதித்தவன் இன்னொருவன் ஷூவின் மேல் இறங்குகிறான், பாதம் உள்பக்கமாக மடங்குகிறது, வெளிப்பக்கத் தசைநார் இழுபடுகிறது. பிறகு ஸ்ப்ரே அடித்து, இறுக்கிக் கட்டி, ‘ஓடிப் பார்’ என்று அனுப்புவது வழக்கம். ஸ்ப்ரே வலியை மறைக்கும், தசைநாரை ஒட்டாது. மருத்துவர்கள் வைத்திருக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. அணியோடு போகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான்கு அடி தானாக எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பில், அடி நுனியிலிருந்து 6 செ.மீ. உயரத்துக்குள் அழுத்தினால் எலும்பு வலிக்கிறது என்றாலோ, அது எக்ஸ்-ரேக்குப் போக வேண்டிய கால். இரண்டும் இல்லையென்றாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்க வாய்ப்பு அதிகம். அதனால் திரும்பி வரும் நாளை வலியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அடிபட்ட காலில் மட்டும் கண்ணை மூடி அரை நிமிடம் நிற்க முடிகிறதா, அதே காலில் பக்கவாட்டில் குதித்துக் குதித்துப் போக முடிகிறதா, முழு வேகத்தில் ஓடிச் சட்டென்று நின்று திசை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். நல்ல காலோடு ஒப்பிடுங்கள். சீசன் முடியும்வரை கயிறு கட்டும் வகைக் கணுக்கால் காப்பு (ஆங்கிள் பிரேஸ்) போடச் சொல்லுங்கள். அணிக்கு நான்கு பிரேஸ் வாங்கி வைப்பது புது ஜெர்சி தைப்பதைவிட அவசரமான செலவு.

காலைப் பற்றிப் பேசும்போது ஜான் வுடன் நினைவுக்கு வருகிறார். யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை 1964 முதல் 1975 வரை 12 சீசனில் 10 முறை என்சிஏஏ பட்டம் வெல்ல வைத்த பயிற்சியாளர். சீசனின் முதல் நாள் பாடமாக அவர் எடுத்துக்கொண்டது சாக்ஸ் போடுவது. விரல் நுனியிலும் குதிகாலைச் சுற்றியும் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துவிட்டு, ஷூவின் கயிற்றை ஒவ்வொரு துளையாக இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட வேண்டும். சுருக்கம் கொப்புளமாகும், கொப்புளம் மூன்று நாள் பயிற்சியை விழுங்கும். கேட்கச் சின்ன விஷயம்தான். அகலக் கால்காரனுக்கு ஒரு அளவு பெரிய ஷூ வாங்கிக் கொடுத்து, உள்ளே கால் வழுக்க வழுக்க ஆடவிடும் அணிகளைப் பார்த்தால் அது சின்ன விஷயமாகத் தோன்றாது.

இப்போது நடத்துகிறவர்கள் பக்கம் வருகிறோம். ஷாட் கிளாக் இல்லாமல் தயவுசெய்து ஆண்கள் ஆட்டம் வைக்காதீர்கள். ‘நடுவர் மனசுக்குள் எண்ணிக்கொள்வார்’ என்பது ஏற்பாடு ஆகாது. 1954இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்கு 24 விநாடியைக் கொண்டுவந்த அணி உரிமையாளர் டேனி பியாசோன் போட்ட கணக்கு எளிது: 48 நிமிடம் என்பது 2,880 விநாடி, நல்ல ஆட்டம் ஒன்றில் இரு அணியும் சேர்ந்து 120 ஷாட் எடுக்கின்றன, வகுத்தால் 24. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டம் அதற்குப் பின்னும் முப்பது ஆண்டுகள் கடிகாரம் இல்லாமலே ஓடியது. 1982இல் வடக்கு கரோலினாவும் வர்ஜீனியாவும் மோதிய, ஏசிசி என்ற பல்கலைக்கழகக் கூட்டணியின் இறுதி ஆட்டம் 47-45 என்று முடிந்தது. முன்னிலையில் இருந்த வடக்கு கரோலினா கடைசி நிமிடங்களில் பந்தைக் கைமாற்றிக்கொண்டே நின்றது. 1985-86 சீசனில் 45 விநாடி வந்தது, 1993-94இல் 35, 2015-16இல் 30. ஃபிபா விதியில் ஆடுபவர்களுக்கு 24. கடிகாரம் இல்லாத லீக்கில் பழகிய கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவன், 24 விநாடி உள்ள போட்டிக்குப் போனால் ஏழு விநாடி மீதி இருக்கும்போதுதான் முதல் பாஸை யோசிப்பான்.

கடிகாரம் இருந்தாலும் அதை இயக்குபவர் தெரிந்தவராக இருக்க வேண்டும். எங்களைக் கேட்டால் மேசையில் நடக்கும் தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான். எதிரணி ஆட்டக்காரர் பந்தைத் தட்டிவிட்டார் என்றதும் கை பழக்கத்தில் கடிகாரத்தை மறுபடி 24 ஆக்கும் பொத்தானை அழுத்திவிடுவார்கள். தட்டிவிட்டால் பந்து கட்டுப்பாடு மாறவில்லை. அதே அணி பிடித்தால் ஓடிக்கொண்டிருந்த நேரமே தொடரும். எதிரணி தொட்டுப் பந்து வெளியே போனாலும் மீதி நேரம் அப்படியே. ஷாட் எடுத்தார், வளையத்தைத் தொடவே இல்லை, அதே அணி பிடித்தது. இங்கேயும் கடிகாரத்தைத் தொடக் கூடாது. வளையத்தில் பட்டு அதே அணிக்கு ரீபவுண்ட் வந்தால் கடிகாரத்தில் 14 விநாடி வைக்க வேண்டும். எதிரணிக்கு வந்தால் 24. பந்து வைத்திருக்கும் அணி தாக்கும் முன்பாதிக் களத்தில் டிஃபன்ஸ் ஃபவுல் செய்து பக்கக்கோட்டிலிருந்து பந்து போட வேண்டுமானால், 14 அல்லது அதற்கு மேல் இருந்தால் அப்படியே விட வேண்டும். 13 அல்லது அதற்குக் கீழ் என்றால் 14 ஆக்க வேண்டும். இந்த ஐந்தாறு நிலைகளையும் ஒரு அட்டையில் எழுதி இயக்குபவர் முன் ஒட்டிவிடுங்கள். கண் பந்தின் மேல் இருக்க வேண்டும். மேசை முன் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

மேசைக்கு நான்கு பேர் வேண்டும்: ஸ்கோரர், துணை ஸ்கோரர், டைமர், ஷாட் கிளாக் இயக்குபவர். இரண்டு பேரை வைத்து ஒப்பேற்றினால் முதலில் தவறிப்போவது அணி ஃபவுல் எண்ணிக்கை. ஒரு குவார்ட்டரில் ஓர் அணி நான்கு ஃபவுல் தாண்டினால், ஷாட் எடுக்காதவர் மேல் செய்யும் ஃபவுலுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. நான்காவது ஃபவுலுக்குப் பின் மேசையில் சிவப்பு அடையாளத்தை வைக்க மறந்தால் நடுவர் பக்கக்கோட்டுக்குப் பந்தைக் கொடுத்துவிடுவார். பெஞ்ச் எழுந்து நிற்கும். டைம் அவுட் கணக்கும் அப்படித்தான்: முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3, ஓவர்டைமுக்கு ஒன்று, மீந்தது அடுத்ததற்குக் கூட வராது. அணியில் இடம் கிடைக்காத மாணவர்களையே மேசைக்குப் பழக்கலாம். இரண்டு மாலை போதும். விதி தெரிந்த ஆட்டக்காரர்களாகவும் அவர்கள் மாறுவார்கள்.

லீக்கின் பெரிய லாபம் எண்கள். ஒற்றை ஆட்டத்தின் எண் எதையும் சொல்லாது; ஏழு ஆட்டத்தின் எண் நிறையச் சொல்லும். கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் பிரித்துக் காட்டிய நான்கு காரணிகளை ஒரே தாளில் எடுத்துவிடலாம்: ஷாட் தரம், ஷாட் எடுக்காமலே பந்தை இழக்கும் டர்ன்ஓவர், தாக்கும் பக்க ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு எத்தனை முறை போகிறோம் என்பது. ஷாட் தரத்தில் மூன்று புள்ளிக் கூடைக்கு ஒன்றரை மதிப்பு. ஒரு கணக்குக்கு, 60 ஷாட்டில் 22 விழுந்தது, அதில் 5 மூன்று புள்ளி என்று வைப்போம். 22உடன் இரண்டரை கூட்டி 60ஆல் வகுத்தால் 40.8 சதவீதம். ஃப்ரீ த்ரோ 18இல் 10. ஆக ஸ்கோர் 59. தாக்கும் பக்க ரீபவுண்ட் 10, டர்ன்ஓவர் 21. பந்து நம் கைக்கு எத்தனை முறை வந்தது என்று அறிய, ஷாட் எண்ணிக்கை 60, ஃப்ரீ த்ரோ 18ஐ 0.44ஆல் பெருக்கிய எட்டு, டர்ன்ஓவர் 21 ஆகியவற்றைக் கூட்டி ரீபவுண்ட் 10ஐக் கழியுங்கள்: 79 முறை. அதில் 21 முறை ஷாட்டே எடுக்காமல் பந்தைக் கொடுத்துவிட்டோம். மீதி 58 முறையில் 59 புள்ளி. டர்ன்ஓவரை 14ஆகக் குறைத்தால், ஷாட் அடிக்கும் திறமை துளியும் ஏறாமலே சுமார் ஏழு புள்ளி கூடும்.

இதைப் பார்க்காமல் ‘ஷூட்டிங் சரியில்லை’ என்று இரண்டு மணி நேரம் ஷூட்டிங் மட்டும் வைப்பது எங்கும் நடக்கிறது. டர்ன்ஓவரைக் குறிக்கும்போது எந்த வகை என்றும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்: மோசமான பாஸ், டிராவலிங், பிடுங்கப்பட்டது, ஷாட் கிளாக் முடிந்தது. மோசமான பாஸ் அதிகம் என்றால் பந்து வாங்குபவர் நகர்ந்து வந்து வாங்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். பாஸ் கொடுத்தவனைத் திட்டிப் பயனில்லை.

களத்தைப் பற்றி மூன்றே விஷயம். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டரில் இருக்கிறதா என்று டேப் வைத்து ஒவ்வொரு மாதமும் பாருங்கள். தொங்கித் தொங்கி முன்பக்கம் சரிந்த வளையங்கள் ஏராளம், ஆட்டக்காரர்கள் அதற்கேற்ப ஷாட்டை வளைத்துப் பழகிவிடுகிறார்கள். ஃப்ரீ த்ரோ கோடு போர்டின் முகப்பிலிருந்து 4.60 மீட்டர், மூன்று புள்ளி வளைவு கூடையின் நேர் கீழ்ப்புள்ளியிலிருந்து 6.75 மீட்டர், பெயின்ட் அடிப்பவரிடம் விட்டுவிடாமல் நீங்களே அளந்து கொடுங்கள். தரையில் வியர்வை விழும் ஒவ்வொரு முறையும் ஓடிவந்து துடைக்க, இரு கூடைப் பக்கமும் உலர்ந்த துணியோடு ஒருவர் உட்கார வேண்டும். லீக் முழுக்க ஒரே வகைப் பந்து, 7ஆம் எண் அளவு. வால்வுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்துக்கு மானி வைத்துக் காற்று நிரப்புங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து ‘சரிதான்’ என்று சொல்பவர் கையில் பம்பைக் கொடுக்காதீர்கள். ஊசியை ஈரமாக்காமல் குத்தி வால்வைக் கிழிப்பவரும் அநேகமாக அவரே.

பெஞ்சில் இருக்கும் அந்த ஐந்து பேருக்குத் திரும்பி வருகிறோம். ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கும் முன்னால், அதே களத்தில், அதே மேசையோடு, இரண்டு அணியின் இரண்டாம் வரிசைக்கும் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு குவார்ட்டர் வையுங்கள். எதிரணி எப்படியும் வந்திருக்கிறது, நடுவரும் வந்திருக்கிறார். கூடுதலாகப் போவது ஏறக்குறைய முக்கால் மணி நேரம். 14 ஆட்டம் என்றால் ஒரு பையனுக்கு ஒரு சீசனில் 280 நிமிடம் வரை உண்மையான ஆட்டம் கிடைக்கும். ஏழு முழு ஆட்டத்துக்குச் சமம் அது. இந்த ஒன்றை மட்டும் ஒத்துக்கொண்டாலும் அடுத்த ஆண்டு அணித் தேர்வின்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

வருகைப் பதிவு பற்றி நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்ட நாள் கல்வியாண்டு தொடங்கும் முன்பே தெரிந்தால் துறைத் தலைவர்கள் ஆய்வக வகுப்பை மாற்றி வைத்துக்கொள்வார்கள். முந்தின நாள் மாலை கடிதத்தோடு போய் நின்றால் அவர்கள் எரிச்சல்படுவதில் தவறில்லை. வாரத்தின் நடுவே ஒரு நாள் மாலை, வார இறுதியில் ஒரு நாள்; 20 வாரமும் இதே கிழமைகள். மாற்ற வேண்டாம்.

கலந்துகொள்ளும் கல்லூரிகளின் பட்டியலையும், அவற்றின் தேர்வுத் தேதிகளையும், எந்தெந்த மைதானத்தில் இரவு விளக்கும் ஷாட் கிளாக்கும் இருக்கின்றன என்ற விவரத்தையும் கல்வியாண்டு தொடங்க இரண்டு மாதம் முன்பு அனுப்பிவையுங்கள். அட்டவணையை எழுதித் தருவதும், மேசைக்கு ஆள் பழக்குவதும், எண்கள் குறிக்கும் தாளைத் தயார் செய்வதும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள், நடுவர்கள், மேசைப் பணியாளர்கள்